எழுதப்படாத பயணநூல்: தீவகத்தாரின் புலப்பெயர்வும் அயன்மொழிப் பயிற்சியும்

புங்குடுதீவை விட்டு நீங்கியவர்களைப் பற்றிய பேச்சு ஈழத்து இலக்கியத்திற் குறைவானதன்று. 1990களின் தொடக்கத்திற் போர் தீவகத்தை வெறுமையாக்கியபோது, அவ்வூரிற் பிறந்த சு. வில்வரத்தினம் மக்கள் நீங்கிய மண்ணின் தனிமையைக் 'காற்றுவெளிக் கிராமம்' (1995) என்னும் தொகுதியிற் பாடினார். ஊரின் வெறுமையை அவ்வளவு நெருங்கி நின்று சொன்ன ஈழத்துக் கவிதைகள் சிலவே. ஆனால் அக்கவிதைகளின் பார்வை ஊரின்மீது நிலைத்தது, நிலைக்கவும் வேண்டியிருந்தது. நீங்கியவர் சென்ற இடத்தில் எம்மொழியிற் பேசினர், அம்மொழியை எவரிடம் கற்றனர், வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையில் எந்தப் புகையிரதத்தில் ஏறி எந்த ஏரிக்கரையில் இறங்கினர் என்னும் வினாக்களுக்கு விடைகூறும் பொறுப்பு அக்கவிஞருடையதன்று. அது மறுகரையில் இருந்தவர்களுடையது. அங்கிருந்து கிடைத்த விடையோ மிகச் சிறிது.

தமிழிலே பயண இலக்கியம் என்றொரு துறை உண்டு. புலம்பெயர் இலக்கியம் என்றொரு துறையும் உண்டு. முன்னதை எழுதியோர் திரும்பி வருவதற்கான சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தோர். பின்னதை எழுதியோர் திரும்ப முடியாதோர். இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு பெரிய வாழ்க்கைப் பரப்பு இருக்கின்றது. அயல்நாட்டிலே தொழில்செய்து, அந்நாட்டு மொழியைத் தட்டுத் தடுமாறிப் பேசிப் பழகி, ஓய்வுநாளில் ஒருநாட் பயணமாக வெளியே போய் மாலையில் அறைக்குத் திரும்பும் மனிதனின் வாழ்க்கை அது. பயணநூலுக்கு அவன் போதிய அளவு சுற்றாதவன். புலம்பெயர் கதைக்கோ போதிய அளவு துயருறாதவன். இரு துறைகளும் அவனைக் கைவிட்டன. தீவகத்தைப் பொறுத்தவரை இது சிறு இழப்பன்று. ஏனெனில் தீவகத்தாரின் அண்மைக்கால வரலாற்றிற் பெரும்பகுதி அவனுடைய வரலாறேயாகும்.

தமிழ்ப் பயணநூலின் முன்னோடிகளுள் ஒருவரான ஏ. கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' 1940இல் வெளிவந்தது. அவர் பர்மாவிலே பத்திரிகை ஆசிரியராகப் பணிபுரிந்தவர். யப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக்கலை பயின்றவர். ஆகவே அயல்நாட்டில் உழைத்த அனுபவம் அவருக்கு இல்லாமலில்லை. எனினும் தீவகத்தோடு ஒட்டி நோக்குவதற்கு அவரினும் பொருத்தமானவர் தனிநாயகம் அடிகளே. நெடுந்தீவைப் பூர்வீகமாகக் கொண்ட தந்தைக்கு, ஊர்காவற்றுறைக் கரம்பொனில், 1913இற் பிறந்தவர் அவர். கொழும்பிற் குருமடக் கல்வி பெற்று, 1934இல் உரோம் நகர் சென்று ஐந்தாண்டு பயின்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம், போர்த்துக்கேயம் எனப் பல மொழிகள் அவருக்குக் கைவந்தன. வியப்புக்குரிய செய்தி வேறொன்று. ஐரோப்பிய மொழிகளிற் புலமை பெற்றுத் திரும்பிய பின்னரே, 1940 முதல் திருநெல்வேலி வடக்கன்குளத்திற் பள்ளிப் பணியில் இருந்த காலத்தில், பண்டிதர் ஒருவரிடம் அவர் தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்றார். அயன்மொழிகளைச் சுற்றிவந்தே தாய்மொழியின் வாயிலை அடைந்தவர் என அவரைக் கூறலாம்.

அடிகளின் மொழியறிவு அலங்காரமாக நின்றுவிடவில்லை. 1554இல் லிஸ்பனில் அச்சேறிய, தமிழை உரோம எழுத்திற் பொறித்த சமயநூலைப் பற்றித் தமிழுலகம் விரிவாக அறிந்தது அவர் எழுத்தினாலேயே. அந்தாவோ தெ புறொயென்சா தொகுத்து 1679இல் அச்சான தமிழ் - போர்த்துக்கேய அகராதியின் பிரதியை 1954இல் வத்திக்கான் நூலகத்திற் கண்டெடுத்தவரும், 1966இற் கோலாலம்பூரில் அதன் மறுபதிப்பு வெளிவரச் செய்தவரும் அவரே. அதே ஆண்டில் அவருடைய பயண நூலான 'ஒன்றே உலகம்' வெளிவந்தது. உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் முதல் அமர்வு கோலாலம்பூரிற் கூடியதும் அவ்வாண்டே. இவ்வளவையும் ஒருவர் ஒருங்கே செய்தார் என்பது இன்று நம்புதற்கரியதாகத் தோன்றும்.

'ஒன்றே உலகம்' என்னும் தலைப்பிலே ஒரு நம்பிக்கை தொனிக்கின்றது. அந்நம்பிக்கை பொய்யானது என்று சொல்வதற்கில்லை. ஆனால் அது எவருக்கு மெய்யாயிற்று என்று கேட்பது திறனாய்வின் கடமையாகும். அடிகளுக்கு உலகம் நூலகக் கதவாகவும் விருந்தினர் அறையாகவும் திறந்தது. குருத்துவ அங்கியும் பல்கலைக்கழகப் பதவியும் அவருக்கு முன்னே சென்றன. அவருடைய ஊருக்குச் சில கல் தொலைவிலுள்ள தீவுகளிலிருந்து ஒரு தலைமுறை கழித்து அதே ஐரோப்பாவுக்குச் சென்றவர்களுக்கு முன்னே சென்றவை கைவிரல் அடையாளமும் வழக்கு இலக்கமுமே. உலகம் ஒன்றுதான், அதன் வாயில்கள் பல.

இவ்விடத்திற் சிறிது பின்னோக்குதல் வேண்டும். புங்குடுதீவார் அயன்மொழி பயின்றது ஐரோப்பாவிலே தொடங்கியதன்று. மண்வளமும் நன்னீரும் குறைந்த அத்தீவின் ஆடவர், கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்தியும் கடைச் சிப்பந்திகளாக இருந்தும் குடும்பத்தைக் காத்தனர். பள்ளியிற் சில ஆண்டுகளே பயின்ற சிறுவன், தராசின் பின்னால் நின்று, அரிசியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தபடியே சிங்களம் கற்றான். இலக்கணம் அவனுக்குத் தெரியாது. எழுத்தும் பெரும்பாலும் தெரியாது. விலை சொல்லவும், கடன் மறுக்கவும், வாடிக்கையாளரின் வீட்டுச் சுகம் விசாரிக்கவும், வேண்டும்போது பகடி பேசவும் தெரியும். 1956இல் அரசகரும மொழிச் சட்டம் நிறைவேறிய பின்னர், கந்தோர்களிற் பணிபுரிந்த தமிழ் எழுதுவினைஞர் எழுத்துச் சிங்களத்திலே தேர்ச்சி பெறுமாறு நெருக்கப்பட்டனர். அது உரிமைப் பிரச்சினையாயிற்று, மேடையேறிற்று, வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. கடைச் சிறுவனின் சிங்களம் எவ்வேட்டிலும் ஏறவில்லை. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிற் கடைகள் எரிந்தபோது, அவன் பல்லாண்டு பழகிய அம்மொழி அவனைக் காத்த இடங்களும் உண்டு, காவாத இடங்களும் உண்டு. அந்த மொழியைப் பற்றி, அவன் அதனை நேசித்தானா வெறுத்தானா என்பதைப் பற்றி, ஈழத்துப் புனைகதை ஆழமாக விசாரித்ததில்லை.

எழுத்துச் சிங்களமும் பேச்சுச் சிங்களமும் வேறானவை என்பது மொழியியலார் அறிந்தது. தமிழிலும் அதே நிலை. 1959இற் சாள்ஸ் பேர்குசன் இரட்டை வழக்கு பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அரபு, கிரேக்கம், எயிற்றியின் கிரியோல் ஆகியவற்றோடு சுவிற்சர்லாந்தின் ஜேர்மனையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டார். தமிழையும் அவ்வகையினதாகச் சுட்டினார். மொழியியல் வகுப்பில் இதனைப் படிப்போர் தேர்வு எழுதியபின் மறந்துவிடுவர். புங்குடுதீவிலிருந்து சூரிச்சுக்கோ பேர்ணுக்கோ போய் உணவகச் சமையலறையிற் கோப்பை கழுவியவர்களுக்கு இது நாளாந்த அனுபவம். மாலை வகுப்பிற் கற்பிக்கப்பட்டது எழுத்து ஜேர்மன். சமையற்காரர் ஏசியது சுவிஸ் ஜேர்மனில். வகுப்பிற் படித்த வாக்கியத்தைச் சமையலறையிற் சொன்னால், யாழ்ப்பாணத்துச் சந்தையில் ஒருவன் செந்தமிழில் மீன்விலை கேட்டதுபோல் இருக்கும். சமையலறையிற் பழகிய வாக்கியத்தை அலுவலகத்திற் சொன்னால் அதிகாரி முகம் சுளிப்பார். வீட்டிலொரு தமிழும் பள்ளியிலொரு தமிழுமாக வளர்ந்தவனுக்கு இச்சிக்கல் முற்றிலும் புதியதன்று. தன் மொழியின் பிளவையே அயன்மொழியிலும் கண்டவன் அவன். இத்தகைய பொருள் வேறெந்த எழுத்தாளனுக்கேனும் கிடைத்திருந்தால் அதிலிருந்து ஒரு நாவல் பிறந்திருக்கும்.

ஒருநாட் பயணத்தின் கதை இதனினும் கூர்மையானது. மேற்கு ஜேர்மனியில் 1982ஆம் ஆண்டுச் சட்டம், புகலிடம் கோரி நின்றவர் தமக்குக் குறிக்கப்பட்ட நிருவாக எல்லையை அனுமதியின்றித் தாண்டலாகாது என விதித்தது. ஈழத்திலிருந்து பெருந்தொகையானோர் அந்நாட்டை அடைந்தது அதற்கடுத்த ஆண்டுகளிலேதான். பக்கத்து நகரிலுள்ள உறவினனைப் பார்க்கப் புகையிரதம் ஏறுவது குற்றம். ஆற்றங்கரையில் உலாவச் சென்று எல்லைப் பலகையைத் தாண்டினால் அதுவும் குற்றம். மற்றவர்க்குப் பொழுதுபோக்காகிய ஒன்று இவர்களுக்குச் சட்டமீறலாயிற்று. அந்த எல்லைவிதி பொதுவிற் தளர்ந்தது 2015ஆம் ஆண்டிலேயே. சுவிற்சர்லாந்தில் உள்நாட்டிற் சுற்றுவதற்கு அத்தகைய தடை இல்லாதபோதிலும், வழக்கு முடியாதவன் நாட்டெல்லையைக் கடக்க முடியாது. எல்லையோர றைன் ஆற்றைக் காணப் போனவன் ஆற்றுக்கு அப்பாலுள்ள ஜேர்மன் கரையைக் கண்ணால் மட்டும் பார்த்துத் திரும்பினான்.

இத்தனைக்கும் நடுவே மக்கள் கற்றார்கள், சுற்றவும் செய்தார்கள். இலக்கியம் இதனை எவ்வாறு கொண்டது?

1994இல் எஸ். பொன்னுத்துரையும் இந்திரா பார்த்தசாரதியும் தொகுத்து வெளியிட்ட 'பனியும் பனையும்' புலம்பெயர் சிறுகதைகளைத் தமிழுலகின் முன் ஒருங்கு வைத்த முதன்மையான தொகுப்பாகும். அதன் பணி பெரிது. ஆனால் அத்தலைப்பு ஒரு நோக்கையும் நிலைநாட்டிவிட்டது. பனை என்றால் ஊர், இளமை, வெயில், உறவு. பனி என்றால் அந்நியம், தனிமை, குளிர். ஓசைநயம் மிக்க இவ்வெதிர்நிலை பின்வந்த எத்தனையோ கதைகளுக்கு அச்சாயிற்று. பனியில் விளையாடியவனுக்கு அங்கே இடமில்லை. முதன்முதற் பனி விழுந்த காலையில் மேற்சட்டையும் இன்றி வெளியே ஓடிப்போய் அதனைக் கையில் அள்ளியவர் எத்தனையோ பேர். கதைகளிலோ அவர்கள் யன்னலருகே நின்று ஊரை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

தீவகத்தைச் சேர்ந்த அல்லைப்பிட்டியிற் பிறந்து பாரிஸில் வாழும் ஷோபாசக்தி இந்த அச்சை உடைத்தவருள் முதல்வர். 'கொரில்லா' (2001) நாவலின் தொடக்கத்தில் இடம்பெறுவது பிரான்ஸ் அதிகாரிகளுக்கு எழுதப்பட்ட அகதி விண்ணப்பம். மொழி இங்கே உரையாடற் கருவியன்று, வழக்காடும் கருவி. ஒருவன் தன் வாழ்க்கையை அயல்நாட்டு அலுவலகம் விளங்கிக்கொள்ளும் ஒழுங்கில் அடுக்க வேண்டியிருக்கின்றது. பெயர், திகதி, இடம், கைது, தப்பல். ஒரு தீவகத்து மனிதனின் கதை எந்த வடிவத்துள் நுழைந்தால் மட்டும் கேட்கப்படும் என்பதை அவ்விண்ணப்ப வடிவம் விளக்கவுரை எதுவுமின்றிக் காட்டிவிடுகின்றது. எனினும், மொழி அங்கே விசாரணைக்குரியதாகவே நிற்கின்றது. விளையாட்டுக்குரியதாக அது மாறவில்லை.

அந்த விளையாட்டைத் தேடுவோர் வேறிடம் செல்லவேண்டும். அ. முத்துலிங்கத்தின் கதைகளில் அது நிரம்ப உண்டு. ஆபிரிக்க நாடுகளிலும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பணிபுரிந்த அவர், அயன்மொழிச் சொல்லொன்றைக் குழந்தை கூழாங்கல்லை ஏந்துவதுபோல் ஏந்தி மகிழ்வார். ஆனால் அவர் உயர் அலுவலராகச் சென்றவர். மொழி தெரியாமை அவருடைய மாந்தர்க்கு நகைச்சுவை, பலவேளைகளில் உயிரச்சமன்று. பெர்லினில் வாடகைக்கார் ஓட்டிய பொ. கருணாகரமூர்த்தியின் 'பெர்லின் இரவுகள்' இவ்வகையில் தனித்து நிற்கின்றது. தொழிலே பயணமாகவும், பயணியோடு பேசும் பேச்சே மொழிப்பயிற்சியாகவும் அமைந்த வாழ்க்கை அந்நூலிற் பதிவாகியுள்ளது. குடியேறியவன் உள்ளூரவனை உற்றுநோக்குகின்றான். நோக்கப்படும் பொருளாக மட்டும் இருந்தவன் நோக்குபவனாகின்றான். திறனாய்வாளர் அந்நூலுக்குரிய கவனத்தை அளிக்கவில்லை என்றே சொல்லவேண்டும். பாரிஸிலே பிரெஞ்சு மொழியிலும் எழுதத் துணிந்த க. கலாமோகனையும் இங்கே குறிப்பிடலாம். கற்றமொழியிற் பேசுவது ஒன்று. அதிலே படைப்பது வேறொன்று.

இப்பொருளை மிகக் கூர்மையாகக் காட்டிய படைப்பு எழுத்தாக அமையாமல் திரைப்படமாக அமைந்தது ஒரு முரண். பிரெஞ்சு நெறியாளர் ஜாக் ஒதியாரின் 'தீபன்', 2015இற் கான் திரைவிழாவில் தங்கப்பனை விருதைப் பெற்றது. தலைமை மாந்தனாக நடித்தவர் ஷோபாசக்தியே. உரையாடலிற் பெரும்பகுதி தமிழ். ஒருவரையொருவர் அறியாத மூவர், இறந்துபோன குடும்பத்தின் கடவுச்சீட்டுக்களிற் பிரான்சை அடைகின்றனர். முதலில் அம்மனிதன் பாரிஸ் தெருவில் மின்னும் விளையாட்டுப் பொருள்களை விற்கின்றான். பின்பு புறநகர்க் குடியிருப்பொன்றின் காவலாளியாகின்றான். அகதி விசாரணையில் அமரும் தமிழ் மொழிபெயர்ப்பாளன் இருபக்கச் சொற்களையும் கடத்தும் குழாயாக இருப்பதில்லை. ஒப்பித்த கதை செல்லாது என்பதை அறிந்து, கதையின் போக்கையே மாற்றுபவனாக இருக்கின்றான். பள்ளியிலே பிரெஞ்சு கற்கும் சிறுமி இளையாள், கற்பிக்கப்பட்ட பொய்யுறவின் தாய் தந்தையருக்கு நாவாகின்றாள். பெற்றோருக்குப் பிள்ளை மொழிபெயர்ப்பது புலம்பெயர்ந்த குடும்பங்களில் அன்றாட நிகழ்ச்சி. அதிகாரத்தின் தலைகீழாக்கம் அதனுள் எவ்வளவு அமைதியாக நிகழ்கின்றது என்பதை அப்படம் நன்கு உணர்ந்திருந்தது.

ஓரிடம் குறிப்பாகச் சொல்லத்தக்கது. உடனிருப்போர் சொல்லும் நகைச்சுவைக்குச் சிரிப்பு வரவில்லை என்று தீபன் கவலைப்படுகின்றான். சொற்கள் விளங்குகின்றன, சிரிப்பு விளங்கவில்லை. உனக்குத் தமிழிலும் நகைச்சுவை வராது என்ற பொருள்பட யாழினி விடையிறுக்கின்றாள். மொழிப்பயிற்சியின் கடைசிப் படி எது என்பதை மொழியியல் நூல்களினும் தெளிவாகக் கூறும் காட்சி இது. இன்னோரிடத்தில் அவளும் அவள் பணிசெய்யும் வீட்டு இளைஞனும், அவள் தமிழிலும் அவன் பிரெஞ்சிலுமாக, ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காமலே மனந்திறந்து பேசுகின்றனர். விளங்காமையே அங்கே உண்மை பேசும் துணிவைத் தருகின்றது. இவற்றையெல்லாம் இவ்வளவு நுட்பமாகச் செய்த நெறியாளர், இறுதியிற் துப்பாக்கியையும் தீயையும் புகையையும் நம்பியது பெருங்குறை. தமிழ் அகதி மீண்டும் போராளியாகித்தான் திரையை நிறைக்க முடியும் என்ற எண்ணம், பிரெஞ்சு கற்கத் திணறும் ஒரு காவலாளியின் வாழ்க்கை தன்னளவிற் போதாது என்ற தீர்ப்பாகும். தமிழ்ப் புலம்பெயர் கதைகள் துயரை நம்பிச் செய்த பிழையையே அவர் வன்முறையை நம்பிச் செய்தார்.

ஏன் இவ்வாறாயிற்று? படைப்பாளரை மட்டும் குறைகூறுவது எளிது. புறப்பட்டவன் தன் பணத்திற் புறப்படவில்லை. ஏஜென்சிக்காரனுக்குக் கொடுத்தது தோட்டத்தை ஈடுவைத்த காசு, அக்காவின் தாலிக்கொடி, வட்டிக்கடன். அவன் பெறும் முதற் சம்பளம் அவனுடையதன்று. அந்நிலையில் ஏரிக்கரைக்குச் சென்று வந்த ஞாயிற்றுக்கிழமை, செலவாக மட்டுமன்றித் துரோகமாகவும் தோன்றிற்று. ஊருக்கு அனுப்பிய புகைப்படத்தில், யாரோ ஒருவருடைய காரின்மேற் சாய்ந்து கறுப்புக் கண்ணாடியோடு நின்றவன், கடிதத்திலே அன்றைய நாள் எப்படிக் கழிந்தது என்று எழுதவில்லை. மகிழ்ந்ததை எழுதினால் ஊர் பழிக்கும். வருந்தியதை எழுதினால் தாய் அழுவாள். எனவே கடிதங்கள் நலம் விசாரித்து, பணம் கிடைத்ததா என வினவி முடிந்தன. கடிதத்தில் விழுந்த இந்த மௌனமே பின்னர் இலக்கியத்திலும் விழுந்தது. இலக்கியம் துயரை மட்டும் மீட்டெடுத்தது. ஏனெனில், அதற்கு வாசகரிடமும் திறனாய்வாளரிடமும் மதிப்பிருந்தது. புலம்பெயர்ந்தவன் அழுதால் இலக்கியம், சிரித்தால் பொழுதுபோக்கு என்று ஒரு தராசு எப்படியோ உருவாகிவிட்டது.

இத்தனை உயிர்கள் மாண்ட இனத்தின் எழுத்திலே சுற்றுலாவைத் தேடுவது தகுமா என்ற மறுப்பு எழும். அது புறக்கணிக்கத்தக்க மறுப்பன்று. ஆயினும், துயரம் மட்டுமே எழுதத்தக்கது என ஒப்புக்கொள்வது, அம்மனிதரைத் துயரத்தின் பிரதிநிதிகளாக மட்டும் கருதிய அலுவலகக் கோவைகளோடு இலக்கியமும் உடன்படுவதாகும். வழக்குக் கோவைக்கு அவனுடைய காயம் மட்டும் போதும். அவன் முதன்முதலாகப் பிழையின்றி ஒரு புகையிரதச் சீட்டுக் கேட்டு வாங்கிய நாளும், அன்று பயணச்சீட்டுப் பெண் அவனுக்கு மறுமொழியை மெதுவாகவன்றி இயல்பான விரைவிற் சொன்னதால் அவன் அடைந்த பெருமிதமும், கோவைக்கு வேண்டியதில்லை. கதைக்கு வேண்டும். சுவிஸ் குடியுரிமை கோருவோர் பேச்சிலும் எழுத்திலும் குறித்த தரத்தை எட்டவேண்டும் என்பது 2018 முதல் அந்நாடு தழுவிய விதி. அத்தேர்வுக்குப் பேச்சில் ஒரு படியும் எழுத்தில் அதற்குக் கீழான படியும் வகுக்கப்பட்டுள்ளன. அந்தப் படிகளுக்கு இடையிற் கழிந்த இருபது, முப்பது ஆண்டுகளை எந்தச் சான்றிதழும் அளக்காது.

இதற்கிடையே ஊரிலேயே காட்சி மாறிவிட்டது. வேலணையிலிருந்து கடலை ஊடறுத்து வரும் பாதையாற் புங்குடுதீவை அடைந்து, அதன் மறுமுனையிலுள்ள குறிகட்டுவான் துறையிலிருந்தே நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேற வேண்டும். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அருகருகே இருப்பதால், 2009இற் போர் முடிந்த பின்னர்த் தென்னிலங்கை யாத்திரிகர் பேருந்து பேருந்தாக அவ்வழியே வருகின்றனர். அவர்கள் வருவது ஒருநாட் பயணமாக. அவர்களுக்குப் புங்குடுதீவு, யன்னலுக்கு வெளியே ஓடும் பனைகளும் கூரையிழந்த கல்வீடுகளுந்தான். துறையடியில் அவர்களுக்குத் தேநீரும் இளநீரும் விற்கும் முதியவர்கள் சிலர் பேசும் சிங்களத்திற்கு இன்றைய பள்ளிச் சிங்களத்தின் மணம் இல்லை. அது எரிந்துபோன கடைகளின் சிங்களம். யாத்திரிகர் அதனைக் கேட்டு வியந்து, எங்கே கற்றீர்கள் என்று வினவினால், அவர்கள் நகரின் பெயரைச் சொல்வார்கள், ஆண்டைச் சொல்லமாட்டார்கள்.

கோயிற் திருவிழாக் காலத்திலும் பள்ளி விடுமுறையிலும் வருவோர் வேறொரு கூட்டத்தார். பாரிஸிலும் பேர்ணிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிறந்த பேரப்பிள்ளைகள். யாழ்ப்பாண நகரில் விடுதியெடுத்துத் தங்கி, தந்தையின் ஊரைக் காண ஒருநாட் பயணமாகத் தீவுக்கு வருகின்றனர். தம்முள் பிரெஞ்சிலோ ஜேர்மனிலோ பேசிக்கொள்ளும் அவர்கள், பாட்டியிடம் தமிழைப் பயிற்சி செய்கின்றனர். வினைமுற்று விகுதி தவறும். 'நீங்கள்' என்பதற்கு 'நீ' வரும். பாட்டி சிரிப்பாள், திருத்தமாட்டாள். அயன்மொழிப் பயிற்சியும் ஒருநாட் பயணமும் இவ்விதம் ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டன. அயன்மொழி என்பது இப்போது தமிழ்.

புங்குடுதீவின் சிந்தனையாளர் மு. தளையசிங்கம் (1935-1973), அவர் மறைந்தபின் வெளிவந்த 'மெய்யுள்' (1974) என்னும் நூலிலே, கற்பனைக் கோலத்தைக் கடந்து வாழ்க்கையின் மெய்யையே வடிவமாகக் கொள்ளும் புதிய எழுத்தை வேண்டினார். அவருடைய ஆன்மிக நோக்கை ஏற்போரும் மறுப்போரும் உளர். ஊர்க்கோயிற் கிணற்றில் ஒடுக்கப்பட்டோர் நீர் அள்ளும் உரிமைக்காக நின்று, காவலர் கையில் அடியுண்ட மனிதர் அவர் என்பதால், மெய் என்ற சொல்லை அவர் இலேசாகக் கையாளவில்லை என்பது மட்டும் உறுதி. நாவலும் சிறுகதையும் கைவிட்ட அயல்நாட்டுத் தொழிலாளியின் வாழ்க்கையை எழுதுவதற்கு அவருடைய அக்கருத்து வேறெவர் கோட்பாட்டினும் பயன்படும். அவ்வாழ்க்கையின் மெய்யுள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றது. நூலாக அன்று, கொப்பிகளாக.

ஜேர்மனையும் பிரெஞ்சையும் இத்தாலியத்தையும் தமிழ் எழுத்திற் குறித்து, எதிரே பொருள் எழுதி, சட்டைப்பையில் வைத்து வேலைக்குச் சென்ற தலைமுறை அது. முதற் பக்கங்களில் வணக்கமும் நன்றியும் எண்களும் இருக்கும். அடுத்துக் கரண்டி, கத்தி, தட்டு, அடுப்பு. பின்னர் காய்ச்சல், வலி, மருந்து. பின்னர் வழக்கறிஞர், மேன்முறையீடு, நிராகரிப்பு. இடையிலே எங்கேனும் ஏரி, படகு, மலை, போக வர ஒரு சீட்டு. தமிழெழுத்துக்கு அடங்காத ஒலிகளுக்கு ஆய்தமும் கோடும் புள்ளியுமிட்டு அவரவர் கண்ட குறிகள் பல. 1554இல் லிஸ்பனிலே, தமிழறியாத ஐரோப்பியர் பயிலுவதற்காகத் தமிழ்ச் சொற்களை உரோம எழுத்திலிட்டுப் போர்த்துக்கேயப் பொருளெழுதி அச்சிட்டனர். நானூறு ஆண்டு கடந்து அதனைத் தேடிக் கடல் கடந்தவர் கரம்பொனில் வேர்கொண்ட ஒரு தீவகத்தார். அந்நூலின் தலைகீழ் வடிவங்கள் பேர்ணிலும் பெர்லினிலும் பாரிஸிலும் பழைய பெட்டிகளுக்குள் இருக்கின்றன. ஈழத்து நூல்களையும் ஊர் மலர்களையும் எண்ணிமப்படுத்தும் நூலக நிறுவனம் 2005 முதல் இயங்கிவருகின்றது. ஊர்ச்சங்கங்கள் ஆண்டுதோறும் மலர் வெளியிடுகின்றன. மலர்களில் வாழ்த்துச் செய்திகளுக்கும் விளம்பரங்களுக்கும் பக்கம் போதாமற் போவதில்லை. கொப்பிக்காரர்களுள் மூத்தவர்கள் எழுபதைக் கடந்துவிட்டனர். வீடு மாறும்போது பிள்ளைகள் முதலிற் கழிப்பது, தமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் உள்ள தாள்களையே.